எதை நீக்குவது?

நுழையும்முன்

மடிக்கணினி இன்று மாணவருக்குப் புத்தகப்பையாகவும் பெட்டகமாகவும் விளங்குகிறது. பாடக்குறிப்பு, செயல்திட்டம், ஒளிப்படம், ஒலிப்பதிவு என அதில் சேர்வன பல. சேர்க்கும்போது எழாத ஒரு வினா, இடம் தீர்ந்த நாளில் எழுகிறது. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது? வன்தட்டு இயங்கும் முறையை அறிந்தால் இவ்வினாவை எதிர்கொள்வது எளிது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் இரவும் ஓர் ஒலிப்பதிவும்

செயல்திட்டத்தை ஒப்படைக்க ஓர் இரவே எஞ்சியுள்ள நிலையில், பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் மடிக்கணினியின் முன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மேல்நிலை மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் ஒன்று அது. பள்ளியில் அதைப் பெற்ற அக்காள் கல்லூரிப் படிப்பை முடித்தபின் தங்கையிடம் கொடுத்துச் சென்றார். தம் ஊரின் நடவுப்பாடல்களைத் தொகுப்பது தங்கை எடுத்துக்கொண்ட பணி. திரட்டியவற்றை ஒரே காணொளியாக்கிச் சேமிக்க முற்பட்டபோது, வட்டில் இடமில்லை என்று கணினி அறிவித்தது. சேமிப்பின் அளவைக் காட்டும் பட்டை முழுதும் சிவந்திருந்தது.

கண்ணில் பட்ட கோப்புகளை அவர் நீக்கத் தொடங்கினார். பழைய கட்டுரைகள், தேர்வு அட்டவணைகள், பெயரிடப்படாத ஒலிப்பதிவுகள் என முந்நூற்றுக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. மறுசுழற்சித் தொட்டியும் காலி செய்யப்பட்டது. கிடைத்த இடமோ அரை ஜிகாபைட்டைத் தாண்டவில்லை. காணொளிக்கு அது போதாது. அதன் பிறகே அவருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. நீக்கிய ஒலிப்பதிவுகளுள் ஒன்றில், சென்ற ஆண்டு மறைந்த பாட்டி பாடிய நடவுப்பாடல் இருந்தது. 'புதிய பதிவு 7' என்பதே அதன் பெயர். பத்து நிமிடம் ஒலிக்கும் அப்பதிவு வன்தட்டில் எடுத்துக்கொண்டிருந்த இடம் பத்து மெகாபைட்டுக்கும் குறைவு.

அதே வன்தட்டில் அக்காள் எப்போதோ பதிவிறக்கிய திரைப்படங்களும், நிறுவி முடிந்த மென்பொருள்களின் நிறுவல் கோப்புகளும் நாற்பது ஜிகாபைட் அளவுக்குத் தீண்டப்படாமல் கிடந்தன.

அளவும் மதிப்பும்

கணினியில் எழுத்து, படம், ஒலி யாவும் சுழியம், ஒன்று என்னும் இரு குறிகளின் வரிசையாகவே பதிவாகின்றன. எட்டுக் குறிகள் சேர்ந்தது ஒரு பைட். உலக மொழிகளை ஒரே குறியீட்டு முறையில் அடக்கும் ஒருங்குறியின் யூ.டி.எஃப்-8 வடிவமே இன்று பரவலாக வழங்குகிறது. அவ்வடிவத்தில் 'க' என்னும் எழுத்துக்கு 3 பைட் தேவை. 'கா', 'கி', 'க்' போன்றவற்றுக்கு அடிப்படை எழுத்தின் 3 பைட்டுடன் துணைக்குறிக்கோ புள்ளிக்கோ மேலும் 3 பைட் சேர்ந்து 6 பைட் ஆகும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதுமாதலால், தமிழில் எழுதினால் கணினியில் இடம் வீணாகும் என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து பொருந்தாது. திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் இவ்வடிவில் தட்டச்சு செய்து எளிய உரைக்கோப்பாகச் சேமித்தால், கோப்பு அரை மெகாபைட்டைக்கூட எட்டாது. திறன்பேசியில் எடுக்கும் ஓர் ஒளிப்படமோ பெரும்பாலும் 3 முதல் 5 மெகாபைட் வரை அமையும். தவறுதலாக விரல் பட்டுப் பதிவான ஒரு மங்கலான படம், ஆறேழு முறை திருக்குறளை முழுமையாக எழுதிவைக்கப் போதுமான இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. முழு உயர்தெளிவுக் காணொளியோ ஒரு நிமிடத்துக்கே 100 மெகாபைட் அளவுக்குச் செல்லக்கூடும்.

எனவே, எழுதியவற்றை நீக்கி இடம் தேடுவது கைப்பிடி மணலை அள்ளி ஏரியைத் தூர்வார நினைப்பது போன்றது. அம்மாணவி நீக்கிய முந்நூறு கோப்புகளின் மொத்த அளவு ஒரு திரைப்படத்தின் அளவுக்குக்கூட வரவில்லை என்பதில் வியப்பில்லை. இழந்தால் வருந்த வேண்டியவை பெரும்பாலும் சிறியனவாகவும், இடத்தை அடைப்பவை பெரும்பாலும் பெரியனவாகவும் இருப்பது கணினிச் சேமிப்பின் இயல்பு.

பெரியது, சிறியது என்பதும் காலத்தைப் பொறுத்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு ரேமேக் என்னும் கணினியுடன் அறிமுகப்படுத்திய வட்டகமே வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் வன்தட்டு. அதில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. அதன் எடை ஏறத்தாழ ஒரு டன். அதில் கொண்டது 50 இலட்சம் எழுத்துருக்கள் மட்டுமே. இன்றைய ஒளிப்படங்களில் ஒன்றோ இரண்டோதான் அதில் அடங்கும்.

தெரிந்து தெளிவோம்

500 ஜிகாபைட் என்று அச்சிட்டு விற்கப்படும் வன்தட்டை விண்டோஸ் கணினியில் பொருத்தினால் 465 ஜிகாபைட் என்றே காட்டும். இதில் ஏமாற்று ஏதுமில்லை. உற்பத்தியாளர் ஒரு ஜிகாபைட்டை 100 கோடி பைட் எனக் கொள்கிறார். விண்டோஸ் அதை 1024-இன் மும்மடிப் பெருக்கமாக, அதாவது 107,37,41,824 பைட்டாகக் கணக்கிடுகிறது. இதே கணக்கின்படி ஒரு டெராபைட் வன்தட்டு 931 ஜிகாபைட் எனத் தோன்றும்.

காலியிடம் யாருக்குத் தேவை?

வன்தட்டு நிறைந்தால் புதிய கோப்பைச் சேமிக்க இயலாது என்பது யாவரும் அறிந்தது. இயக்க அமைப்பும் தன் வேலைக்காக வன்தட்டில் இடம் வேண்டி நிற்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நினைவகத்தில் கொள்ளாத தரவைத் தற்காலிகமாக இறக்கிவைக்கவும், புதுப்பிப்புகளை விரித்து நிறுவவும் அதற்கு வெற்றிடம் வேண்டும். அது கிடைக்காதபோது பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோகும். திறந்திருக்கும் செயலிகள் தடுமாறும்.

சுழலும் தட்டுகளைக் கொண்ட பழைய வகை வன்தட்டில் மற்றொரு தொல்லையும் உண்டு. தொடர்ச்சியான இடம் இல்லாமையால் புதிய கோப்பு துண்டுதுண்டாகப் பல மூலைகளில் எழுதப்படும். அதைப் படிக்கும் முனை அங்குமிங்கும் ஓட வேண்டியிருப்பதால் கணினி மெதுவாகும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டோ ஓடும் முனையோ இல்லை. ஆயினும், அதில் தரவு சிறுசிறு பக்கங்களாக எழுதப்படுகிறது; அழிக்கும்போது பல பக்கங்கள் கொண்ட ஒரு தொகுதியையே அழிக்க வேண்டும். வெற்றிடம் அருகினால், ஒரு பக்கத்தை எழுதுவதற்கே பல பக்கங்களை இடம் மாற்ற நேரிடும். எவ்வகையாயினும் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கையேனும் காலியாக வைத்திருப்பது நல்ல வழக்கம்.

நிரம்பிய வட்டிலிருந்து பிறந்த வரைபடம்

இடத்தை அடைத்திருப்பது எது என்று கண்டறிவதே முதல் வேலை. கோப்புறைக்குள் கோப்புறை, அதனுள் மற்றொன்று எனக் கிளைத்துச் செல்லும் அமைப்பில் இது எளிதன்று. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பவர் விரைவில் சலித்துப்போவார்.

இச்சலிப்பு ஓர் அறிவியல் ஆக்கத்துக்கே வழிவகுத்தது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மனிதர்க்கும் கணினிக்கும் இடையிலான உறவை ஆராயும் ஆய்வகம் ஒன்றைப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் நடத்திவந்தார். 1990ஆம் ஆண்டில் அங்கிருந்த வன்தட்டின் கொள்ளளவு 80 மெகாபைட். அதை 14 பேர் பகிர்ந்து பயன்படுத்தினர். அது அடிக்கடி நிரம்பியது. யாருடைய எந்தக் கோப்பு இடத்தை அடைத்திருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை. கிளைபிரியும் மரமாக வரைந்தால் படம் காகிதத்தில் அடங்காமல் விரிந்துகொண்டே போயிற்று.

ஷ்னைடர்மன் வேறு வழியை எண்ணினார். வன்தட்டு முழுவதையும் ஒரு செவ்வகமாகக் கொண்டு, அதை நெடுக்காகக் கோப்புறைகளுக்குப் பங்கிட்டார். ஒவ்வொரு பங்கையும் குறுக்காக உட்கோப்புறைகளுக்குப் பிரித்தார். இவ்வாறு நெடுக்கும் குறுக்குமாக மாறிமாறிப் பிரித்துச் சென்றபோது, ஒவ்வொரு கோப்பும் தன் அளவுக்கு ஏற்ற பரப்பைப் பெற்றது. பெரிய கோப்பு பெரிய கட்டமாகக் கண்முன் நின்றது. பாகப்பிரிவினை செய்த வயலை மேட்டில் நின்று பார்ப்பது போல, எவர் பங்கு எவ்வளவு என்பது ஒரே பார்வையில் விளங்கிற்று. ஆய்வு மாணவர் பிரையன் ஜான்சன் அதற்கு மென்பொருள் வடிவம் தந்தார். மரவரைபடம் என்று இம்முறையைத் தமிழில் குறிக்கலாம். பின்னாளில் பங்குச்சந்தை நிலவரத்தைக் காட்டவும், அரசுகளின் வரவுசெலவுத் திட்டத்தை விளக்கவும் செய்தித்தாள்கள் இவ்வரைபடத்தைக் கையாளத் தொடங்கின. நிரம்பிய வன்தட்டே அதன் பிறப்பிடம் என்பதை அதைப் பார்ப்போருள் பலர் அறியார்.

விண்டோஸ் கணினியில் வின்டர்ஸ்டாட் என்னும் இலவச மென்பொருள் இதே முறையில் வன்தட்டைக் கட்டம் கட்டமாகக் காட்டும். லினக்ஸ் இயக்க அமைப்பில் பாவோபாப் என்னும் கருவி உண்டு. தமிழில் பெருக்கமரம் என வழங்கும் பருத்த அடிமரமுடைய மரத்தின் பெயரே அக்கருவிக்கு இடப்பட்டுள்ளது. தனி மென்பொருள் இல்லையெனினும் விண்டோஸின் செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அதனுள் ஸ்டோரேஜ் எனச் சென்றால் எவ்வகைக் கோப்புகள் எவ்வளவு இடத்தைக் கொண்டுள்ளன என்பது தெரியும்.

மீண்டும் கிடைக்குமா?

பெரிய கோப்புகளைக் கண்டறிந்தபின், அவற்றுள் எதை நீக்கலாம் எனத் துணிய வேண்டும். பழையதா, அண்மையில் திறக்கப்பட்டதா என்பன போன்ற வினாக்களைப் பலரும் கேட்டுக்கொள்வர். பாட்டியின் குரல் பழையது, ஓராண்டாகத் திறக்கப்படாதது. அவ்வினாக்களை அளவுகோலாகக் கொண்டால் அதுவே முதலில் நீங்கும். கேட்க வேண்டிய வினா வேறு. இக்கோப்பு போய்விட்டால் மீண்டும் எங்கிருந்தேனும் கிடைக்குமா?

நிறுவி முடிந்த மென்பொருளின் நிறுவல் கோப்பு மீண்டும் கிடைக்கும். சுருக்கப்பட்ட கோப்பைப் பிரித்தபின் மூலமும் பிரித்த நகலும் அருகருகே கிடப்பதுண்டு. இரண்டில் ஒன்று போதும். பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகளும் மீண்டும் பெறத்தக்கவையே. இப்பாடம் அமைந்த நூலின் மின்வடிவை நீக்கினாலும் மறுபடி பதிவிறக்கிக்கொள்ளலாம். பயன்படுத்தாத மென்பொருள்களை நீக்கும்போது ஒரு பிழை பரவலாக நேர்கிறது. முகப்புத்திரையில் உள்ள சின்னத்தை நீக்கிவிட்டு மென்பொருளே போய்விட்டதாகச் சிலர் எண்ணுகின்றனர். அச்சின்னம் வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை போன்றது. அதைக் கழற்றினால் வீடு இடிந்துவிடாது. மென்பொருளை நீக்குவதற்கென உள்ள அன்இன்ஸ்டால் வழியிலேயே நீக்க வேண்டும்.

இயக்க அமைப்பும் உலாவியும் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகளை ஸ்டோரேஜ் பகுதியிலிருந்தே அகற்றலாம். பெரிய புதுப்பிப்புக்குப் பின் பழைய விண்டோஸ் ஒரு கோப்புறையாகத் தங்கிப் பல ஜிகாபைட் இடத்தைக் கொள்ளும். பத்து நாள்களில் அது தானாகவே நீங்கும். ஆனால், தற்காலிகக் கோப்புகளின் பட்டியலில் பதிவிறக்கக் கோப்புறையும் ஒரு வரியாக இடம்பெறுவதுண்டு. பட்டியல் முழுவதற்கும் கண்ணை மூடிக்கொண்டு குறியிடுபவர், மின்னஞ்சலில் வந்த சான்றிதழையும் அதனோடு இழப்பார். விண்டோஸ் கோப்புறைக்குள் நேராக நுழைந்து, பெரியதாகத் தெரியும் கோப்புகளை நீக்குவது கூடாது. கணினி மறுநாள் இயங்காமலே போகலாம். ஒரே சொடுக்கில் கணினியைத் தூய்மையாக்குவதாகக் கூறும் விளம்பர மென்பொருள்களும் வேண்டாதவை. இடம் தேடப் போனவரின் கணினியில் அவையே மேலும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரே படம் இரண்டு இடங்களில் இருந்தால் ஒன்றை நீக்குவது முறையே. எனினும் இங்கும் நுணுகி நோக்க வேண்டும். வாட்ஸ்ஆப் வழியாகப் படமாக அனுப்பப்படும் ஒளிப்படம் அளவு சுருக்கப்பட்டே சென்று சேர்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், சுருங்கிய நகலை வைத்துக்கொண்டு மூலத்தை நீக்கினால் படத்தின் நுட்பங்கள் என்றென்றைக்கும் போய்விடும். பலர் பயன்படுத்தும் கணினியில், ஒருவருக்குக் குப்பையாகத் தெரிவது மற்றொருவரின் ஈராண்டு உழைப்பாக இருக்கலாம். உரியவரைக் கேளாமல் நீக்குவது தகாது.

இடம் வேண்டி எதையோ நீக்கிப் பின்னர் இரங்குவது கணினியோடு தோன்றிய வழக்கமன்று. வீட்டை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய ஏட்டுச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் உ.வே. சாமிநாதையர் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். அவற்றை விட்டவர்கள் தமிழ் மீது வெறுப்புக் கொண்டவர்கள் அல்லர். அவர்களைப் பொறுத்தவரை அவை படிக்க ஆளில்லாத பழைய ஓலைகள். அவற்றுள் எது வேறெங்கும் நகல் இல்லாத ஒற்றைச் சுவடி என்று அறிய அவர்களுக்கு வழியிருக்கவில்லை.

எல்லா வசதியும் அறிவும் நிறைந்த இடத்திலும் இது நிகழ்ந்துள்ளது. 1969ஆம் ஆண்டு சூலை மாதம் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் இறங்கிய காட்சி, ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருந்த நிலையங்களில் நேரடியாகப் பெறப்பட்டுக் காந்த நாடாக்களில் பதிவாயிற்று. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஏற்ப மாற்றியபோது அதன் தெளிவு குன்றியது. உலகம் கண்டது அந்த மங்கலான வடிவத்தையே. தெளிவான மூலப்பதிவுகளைப் பிற்காலத்தில் தேடியபோது அவை எங்கும் கிட்டவில்லை. பின்வந்த ஆண்டுகளில் புதிய தரவுகளைப் பதிய நாடாக்கள் போதாமல், பழைய நாடாக்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டன. அவற்றோடு நிலவுக் காட்சியின் மூலமும் அழிந்திருக்க வேண்டும் என்று நாசா 2009ஆம் ஆண்டு அறிவித்தது. ஒளிபரப்பு நிறுவனங்களிடம் இருந்த நகல்களைக் கொண்டே அக்காட்சி பின்னர்ச் சீரமைக்கப்பட்டது.

நகல் முன்னர், நீக்கம் பின்னர்

மீண்டும் கிடைக்காதவை எனத் தெளிந்த கோப்புகளை நீக்காமல் வேறிடத்துக்கு மாற்றலாம். வெளி வன்தட்டும் பென்டிரைவும் இதற்கு உதவும். அங்கு நகலெடுத்தபின் மடிக்கணினியில் உள்ளதை நீக்கினால் எஞ்சுவது ஒரே பிரதி என்பதை மறந்துவிடலாகாது. பென்டிரைவ் தொலையும், வன்தட்டு கீழே விழும். குடும்ப ஒளிப்படங்களும் குரல்பதிவுகளும் இரண்டு தனித்தனி இடங்களிலேனும் இருக்க வேண்டும்.

நகல் இருக்கிறது என்று நம்புவது வேறு. திறந்து பார்ப்பது வேறு. 1998ஆம் ஆண்டு பிக்சார் நிறுவனத்தில் டாய் ஸ்டோரி 2 என்னும் உயிரூட்டப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. அங்கு தவறுதலாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி சிலநொடிகளில் மறையத் தொடங்கியது. காப்புநகல் உண்டு என்று அனைவரும் ஆறுதலோடு இருந்தனர். எடுத்துப் பார்த்தபோது, நகலெடுக்கும் அமைப்பு சரிவர இயங்காதிருந்தமை தெரியவந்தது. தொழில்நுட்பப் பொறுப்பாளராகிய கேலின் சஸ்மன், குழந்தை பிறந்த காரணத்தால் வீட்டிலிருந்தே பணியாற்றும்பொருட்டுப் படத்தின் நகலொன்றைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அக்கணினியைப் போர்வைகளால் சுற்றி, காரில் ஏற்றி அலுவலகம் கொண்டுவந்தனர். படத்தை மீட்க அதுவே துணைநின்றது.

இணையச் சேமிப்பிலும் ஒரு நுட்பம் உள்ளது. கூகுள் கணக்கில் விலையின்றிக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடத்தை மின்னஞ்சலும் ஒளிப்படமும் பிற கோப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்டிரைவ் போன்றவை மடிக்கணினியின் ஒரு கோப்புறையை இணையத்தில் உள்ள கோப்புறையோடு எப்போதும் ஒத்திருக்கச் செய்பவை. இணையத்தில் இருக்கிறதே என்னும் துணிவில் மடிக்கணினியில் உள்ள கோப்பை நீக்கினால், இரண்டையும் ஒத்திருக்கச் செய்யும் அக்கருவி இணையத்தில் உள்ளதையும் நீக்கிவிடும். கோப்பை இணையத்தில் மட்டும் வைத்து மடிக்கணினியில் இடத்தை விடுவிக்கத் தனியே ஒரு தெரிவு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துச் செய்வதே முறை.

தவறி நீக்கினால்

நீக்கப்பட்ட கோப்பு உண்மையில் எங்கே போகிறது? மறுசுழற்சித் தொட்டிக்குச் சென்ற கோப்பு எங்கும் போவதில்லை. வேறொரு கோப்புறையில் அதே அளவு இடத்தைக் கொண்டு கிடக்கிறது. தொட்டியைக் காலி செய்யும்வரை இடம் கிடைக்காமைக்குக் காரணம் இதுவே. காலி செய்தபின்னும் சுழலும் வன்தட்டில் தரவு உடனே அழிவதில்லை. எந்தக் கோப்பு எங்குள்ளது என்று குறித்துவைக்கும் பதிவேடு ஒன்று ஒவ்வொரு வன்தட்டிலும் உண்டு. நீக்கும்போது, இந்த இடம் இனிப் பிறருக்கு உரியது என்று அப்பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. நிலப்பதிவேட்டில் உரிமையாளர் பெயரை அடித்துவிட்ட வயலில் பழைய பயிர் நின்றுகொண்டிருப்பது போல, பழைய தரவு தட்டில் நிற்கும். மற்றொருவர் வந்து உழும்வரை, அதாவது புதிய கோப்பு அதன்மேல் எழுதப்படும்வரை, அதற்கு வாழ்வுண்டு. கணினியைப் பிறருக்கு விற்கும்போது கோப்புகளை நீக்கினால் மட்டும் போதாது என்பதற்கும் இதுவே காரணம்.

திடநிலைச் சேமிப்பகத்தில் நிலைமை வேறு. நீக்கப்பட்ட இடங்களை இயக்க அமைப்பு டிரிம் என்னும் கட்டளை வழியாகச் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கிறது. பின்னர் எழுதுவதற்கு வசதியாக, சேமிப்பகம் தனக்கு ஓய்வு கிடைக்கும்போது அவ்விடங்களை உண்மையாகவே அழித்துவிடுகிறது. அங்கு மீட்பு பெரும்பாலும் கைகூடுவதில்லை.

சுழலும் வன்தட்டில் மீட்க வேண்டுமாயின் அக்கணினியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. ஒரு பாடலைக் கேட்டாலும், ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதேனும் புதிய தரவு வன்தட்டில் எழுதப்படும். தேடும் கோப்பின் மீதே அது எழுதப்படலாம். மீட்பு மென்பொருளை அதே வன்தட்டில் நிறுவுவது அதனினும் பெரும்பிழை. கணினியை அணைத்துவிட்டு, வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைத்துத் தேடுவதே பாதுகாப்பானது.

அம்மாணவியின் மடிக்கணினி பழையது. அதில் இருந்தது சுழலும் வன்தட்டு. இடம் போதாமையால் காணொளியும் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. அன்றிரவே அவர் கணினியை அணைத்துவிட்டார். மறுநாள் பள்ளிக் கணினி ஆசிரியர் அவ்வன்தட்டைக் கழற்றி ஆய்வகக் கணினியோடு இணைத்துத் தந்தார். மீட்பு மென்பொருள் பதிவேட்டை நம்பாமல், தட்டு முழுவதையும் தடவி ஒலிக்கோப்பின் தொடக்க அடையாளங்களைத் தேடியது. இவ்வாறு தேடி எடுக்கும் கோப்புகளுக்குப் பெயரோ நாளோ எஞ்சுவதில்லை. வரிசை எண் மட்டும் இட்ட இருநூறுக்கும் மேற்பட்ட ஒலிக்கோப்புகள் கிடைத்தன. சில பாதியில் அறுந்திருந்தன. சில இரைச்சலாக ஒலித்தன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டே வந்தார். 136ஆம் கோப்பில் ஓர் ஆடு கத்தும் ஒலியும், அதை அதட்டிவிட்டுப் பாடலைத் தொடங்கும் பாட்டியின் குரலும் கேட்டன.

அக்கோப்புக்குப் பாட்டியின் பெயரையும் ஊரையும் பாடிய ஆண்டையும் பெயராக இட்டார். பென்டிரைவில் ஒன்றும் ஆய்வகக் கணினியில் ஒன்றுமாக இரு நகல் எடுத்து, இரண்டையும் இறுதிவரை ஓடவிட்டுக் கேட்டார். செயல்திட்டத்துக்கு ஒருநாள் தவணை பெற்றுக்கொண்டு, திரைப்படங்களுள் வைத்துக்கொள்ள வேண்டியது எதுவும் உண்டா எனக் கேட்க அக்காளைத் தொலைபேசியில் அழைத்தார்.